கண்டிக்கு முந்திய பெயர்கள்

திகன,
12 ஜனவரி 2025

அன்பு நஸீப் நானாவுக்கு,

ஸலாம். நானும் உம்மாவும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே வானிலை அறிக்கை வாசிக்கிறது. அது தவிரக் குறை ஒன்றுமில்லை. தோஹாவில் உங்கள் உடம்பு எப்படி? குளிர்காலம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு போர்வைக்குள் கிடப்பீர்கள் என்று உம்மா சொல்கிறா.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதென்ன பக்கம் பக்கமாகக் கடிதம் என்று யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் இயங்குதளம் எழுந்து நின்றுவிட்டது! வாப்பா வபாத்தாகி நம்மை விட்டுப் போன வருடம் நீங்களும் நானும் சாமான் அறையில் உட்கார்ந்து, பழைய கம்பியூட்டருக்குத் தமிழும் சிங்களமும் சரியாகப் பேசவைக்க வேண்டும் என்று கிறுக்கினோமே, அதுதான். உள்ளே இருக்கும் கரு உலகமே பகிர்ந்துகொள்ளும் இலவசக் கரு. அதற்கு மேலே உள்ள எல்லாம் நாங்கள் கட்டியது. கண்டியில் எங்கள் சின்ன அலுவலகத்தில் நான், ஸாகி, சர்மிளா என்று மூன்று பேர்தான். பள்ளிக்கூடங்களில் தூசி பிடித்துக் கிடக்கும் பத்து வருடப் பழைய கம்பியூட்டர்களுக்கு இது உயிர் கொடுக்கும்.

சோதனைக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். சோதிக்கிறவர்கள் கைக்கு வந்ததைத் தட்டினால் பிழை வெளிவராது. உண்மையான ஒருவருக்கு உண்மையான கடிதம் எழுத வேண்டும். எனக்கு வாய்த்த ஆள் நீங்கள். கடிதம் எழுதும் செயலி நான் செய்தது. உங்கள் பெயரைச் சொல்லி உள்ளே போனால் மேலே ஊரையும் திகதியையும் அதுவே நிரப்பும். முதல் தடவை ஊரை எழுதினால் போதும், பிறகு எந்த இயந்திரத்தில் உள்ளே போனாலும் அது மறக்காது. நீங்கள் ‘அனுப்பு’ என்றதும் எங்களுக்கு வரும் பிரதியில் மட்டும் ஒரு சோதனைச் சீட்டு ஒட்டிக்கொண்டு வரும். எந்தப் பதிப்பு, எந்த இயந்திரம், எத்தனை பிழை என்று. உங்கள் மடிக்கணினிக்கு நான்காம் இலக்கம் தந்திருக்கிறேன்.

பெயர் வைக்கும் முறையும் நீங்கள் அன்று சொன்னதுதான். ஒவ்வொரு சோதனைப் பதிப்புக்கும் ரயில் பாதையில் ஒரு ஸ்டேசன். பதுளையில் தொடங்கி இறங்கி இறங்கி வரவேண்டும், வேலை முடியும் நாளில் கண்டி. இப்போது நிற்பது பதுளை.

உம்மா கேட்கிறா, “ஏன் மகன் வீடியோல மொகத்தக் காட்டுறான் இல்ல?” பதில் எழுதுங்கள்.

உங்கள் துஆவை நாடும்,
ஷஹ்மா


தோஹா,
24 ஜனவரி 2025

என் தங்கச்சி ஷஹ்மாவுக்கு,

ஸலாம். இங்கே நான் நலம். உம்மா சொன்னது பொய், போர்வை ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையிலிருந்து பதுளையில்தான் இருக்கிறேன். திறந்ததும் தமிழில் வரவேற்றது. சாமான் அறையில் நாம் எழுதிய அதே வசனம். அதை நீ மாற்றவில்லை என்பதைப் பார்த்ததும் மூன்று தடவை மூடித் திறந்தேன்.

இப்போது குறைகள். ஒன்று, ஒலியைக் குறைக்கப் போனால் வெளிச்சம் குறைகிறது. இரண்டு, அச்சிடக் கொடுத்தால் ‘கொ’ உடைகிறது. கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் எழுத்து அடுத்த வரியிலும் போய் நிற்கின்றன.

மூன்றாவது, பிழை இல்லை, என் கருத்து. சோதனைச் சீட்டில் இயந்திர இலக்கம் எதற்கு? பிழை எது என்று தெரிந்தால் போதாதா? ஒருவர் எந்த இடத்தில், எந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எழுதுகிறார் என்பது அவருடைய விஷயம். நாளைக்கு இது பள்ளிக்கூடங்களுக்குப் போகிற சாமான். எடுத்துவிடு.

வேலை வழமை போல. என் மேசை ஜன்னலோரம். ஏசி கொஞ்சம் கூடுதல். வீடியோவுக்கு இங்கே இணையம் சரியில்லை என்று உம்மாவிடம் சொல்.

அன்புடன்,
நஸீப்

சோதனைச் சீட்டு. பதிப்பு: பதுளை. இயந்திரம்: 4. பிழைகள்: 2.


திகன,
9 பெப்ரவரி 2025

அன்பு நானாவுக்கு,

ஸலாம். வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் தலைவலி வராமல் இருக்கிறதா?

ஒலி சரியாகிவிட்டது. கொம்பு சரியாகவில்லை. சர்மிளா மூன்று நாளாக அதனோடு மல்லுக்கட்டுகிறாள். பதிப்பு பண்டாரவளைக்கு இறங்கியிருக்கிறது. இலக்கம் பற்றி நீங்கள் சொன்னது சரி. யோசித்துப் பார்த்தேன், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த பதிப்பான நானுஓயாவில் எடுத்துவிடுகிறேன். இது வாக்கு.

இன்னும் சில பழைய கம்பியூட்டர்களை வெளியே சோதனைக்குக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடங்கள், ஒரு நூலகம், ஒன்றிரண்டு கொமியூனிகேஷன் கடைகள். நாள் முழுக்கத் தட்டெழுத்து அடிக்கிற கடையில்தான் பிழைகள் வரிசையாக வெளியே வரும் என்று ஸாகி சொல்கிறான்.

இப்போது பெரிய பிரச்சினை. ஸ்டேசன் பெயர்கள் எல்லாம் வெளியீட்டுக்கு முந்திய பெயர்கள்தானே. உலகத்துக்கு ஒரு நிரந்தரப் பெயர் வேண்டும். உதவி தருகிற நிறுவனத்தார் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ‘ஸ்மார்ட் ஐலண்ட் பிளஸ்.’ கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை பிடித்தேன். வெளியீட்டு நாள் வரை பொறுப்பார்களாம். அதற்குள் எங்களிடமிருந்து நல்ல பெயர் வராவிட்டால் அவர்களுடையதுதான்.

இதை வீட்டில் சொல்லிப் பொருமிக்கொண்டிருந்தேன். உம்மா வெங்காயம் உரித்தபடி சொன்னா: “புள்ளக்கிப் பேர் வெக்கிய மாதிரித்தானே. வாப்பா இல்லாத ஊட்டுல நானா தான் காதுல செல்லணும். அவன் வாரவரைக்கும் பொறு.” நம்மூர்ப் பவாஸ் மச்சானின் மகள் ஆஸிகாவுக்கும் ஏழாம் நாள், மச்சான் கேட்டதால், நீங்கள்தானே காதில் பெயர் சொன்னீர்கள். அதைத்தான் சொல்கிறா.

எப்போது வருவீர்கள்? உம்மா தஸ்பீஹ் மணிபோல இந்தக் கேள்வியை உருட்டிக்கொண்டிருக்கிறா.

அன்புத் தங்கச்சி,
ஷஹ்மா


தோஹா,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷஹ்மாவுக்கு,

ஸலாம். நோன்பும் பெருநாளும் உங்களுக்கு நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். பெருநாளன்று இரண்டு நிமிடம்தான் பேச முடிந்தது, மன்னித்துக்கொள். உம்மா அழுதாவா?

பதில் பிந்தியதற்குக் காரணம், என் மடிக்கணினி செத்துவிட்டது. இப்போது ஒரு தெரிந்தவரின் இயந்திரத்தில் நானுஓயாவை வைத்து எழுதுகிறேன். முன்னைவிட வேகம். ஆனால் குறைகள் நிறைய. எழுதிக்கொள்:

கிராம சேவகருக்கு எழுதும் கடிதத்தில் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால் கடைசி எழுத்து தானாகத் தமிழுக்கு மாறுகிறது. ஒரே பக்கத்தில் சிங்களமும் தமிழும் வந்தால் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. மரணச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பத்தில் முகவரிக்கு விட்ட இடம் போதாது. தேயிலைத் தோட்டத்து முகவரிகள் நீளம், டிவிஷன் பெயர், லயத்து வீட்டு இலக்கம் எல்லாம் எழுத வேண்டும். கொம்பு இன்னும் உடைகிறது. மூக்குக் கண்ணாடி போடாத ஒருவருக்கு மெனு எழுத்து சிறிது.

பெயர் வைக்கும் விஷயம் எனக்கு வேண்டாம். நீயே வை. ஊருக்கு வெளியே இருப்பவன் பெயர் வைப்பது சரியில்லை.

உம்மாவின் முழங்காலுக்கு அந்தக் கசப்பு எண்ணெயைத் தேய்த்துவிடு.

அன்புடன்,
நஸீப்

சோதனைச் சீட்டு. பதிப்பு: நானுஓயா. இயந்திரம்: 11. பிழைகள்: 5.


(அனுப்பாதது)
திகன,
10 ஏப்ரல் 2025

நானா,

ஸலாம் சொல்லித் தொடங்கப் பொறுமை இல்லை.

உங்கள் கடிதத்தை முதலில் வாசித்தபோது சிரித்தேன். தோஹாவில் யார் கிராம சேவகருக்குக் கடிதம் எழுதுகிறார்கள்? லயத்து இலக்கம் எங்கிருந்து வந்தது? பிறகு திகதியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. அங்கே அது வேலை நாள். பிறகுதான் சீட்டைப் பார்த்தேன்.

இலக்கத்தை எடுக்கிறேன் என்று வாக்குத் தந்தேன். நோன்பு மாத வேலையில் மறந்தே போனேன். அந்த மறதியால் இப்போது எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. பதினோராம் இயந்திரத்தை பெப்ரவரியில் ஸாகி தன் கையாலேயே கம்பளையில் சுந்தரலிங்கம் அண்ணனின் கொமியூனிகேஷன் கடையில் வைத்துவிட்டு வந்தான்.

இன்று அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். ஸ்டேசனிலிருந்து ஐந்து நிமிட நடை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மருந்துக் கடை ஓரத்தில் குடையை இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால். மெலிந்திருக்கிறீர்கள். தாடி நரைத்திருக்கிறது. பக்கத்தில் தோட்டத்து அம்மா ஒருவர் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நீங்கள் அடித்துக்கொண்டிருந்தீர்கள். சுந்தரலிங்கம் அண்ணன் சத்தமாகச் சொன்னது ரோட்டைத் தாண்டிக் கேட்டது: “தம்பி, டீ ஆறிப்போகுது, குடிச்சிட்டு அடிங்க.” நீங்கள் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தடுத்தது. ரோட்டைக் கடந்து வந்திருந்தால் அது உங்கள் முகத்திலிருந்து விழுந்திருக்கும்.

எனக்குக் கோபம் நானா. நல்ல கோபம். உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் தோஹாவுக்குத் துஆ கேட்கிறா. நீங்கள் இரண்டு பஸ் தூரத்தில் இருக்கிறீர்கள். பெருநாளன்று எல்லோரும் கூடி உண்ணும் பிரியாணி சஹனில் உங்கள் பங்கை ஒதுக்கிவைத்துப் பிறகு அழுதா. ஆமாம், அழுதா.

ஆனால் எப்படிச் சொல்வது? “சீட்டைப் பார்த்து உங்களைக் கண்டுபிடித்தேன்” என்றா? பார்க்கக்கூடாது என்று நீங்கள் கேட்டுக்கொண்டதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பிடிபட்டு வீட்டுக்கு வருவது ஒன்று, தானாக வருவது வேறு. பிடித்துக் கொண்டுவந்தால் நீங்கள் மறுபடியும் போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

உம்மாவிடம் சொல்லவில்லை. இதையும் அனுப்பப்போவதில்லை.

ஷஹ்மா


திகன,
11 ஏப்ரல் 2025

அன்பு நானாவுக்கு,

ஸலாம். எங்களுக்குச் சுகத்தில் குறைவில்லை. தோஹாவில் வெயில் தொடங்கிவிட்டதா? தண்ணீர் நிறையக் குடியுங்கள். வேலையில் மூழ்கினால் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாத ஆள் நீங்கள்.

நீங்கள் அனுப்பிய ஐந்து குறையும் தங்கம். இவ்வளவு நாள் யாரும் சொல்லாதவை. மெனு எழுத்தைப் பெரிதாக்கிவிட்டோம். விண்ணப்பங்களுக்கு முகவரி இடத்தை இரண்டு வரியாக்கினோம். சர்மிளா சொல்கிறாள், “அக்கா, இதைச் சொன்னவரு எங்க லயத்துப் பக்கம் வந்து பாத்தவரு மாதிரியே இருக்கு. எங்க அப்பாவுக்கு எந்தப் படிவத்துலயும் முகவரி எழுத எடம் பத்தினதே இல்ல.”

அடுத்தது ஹட்டன். இந்த வாரம் அனுப்புகிறேன்.

பெயர் விஷயத்தில் நான் வைக்கமாட்டேன். வைக்கவும் தெரியாது. பொறுத்திருப்போம்.

உம்மா உங்கள் அலுமாரியை வெயிலில் வைத்துத் துடைத்தா. சட்டைகளுக்கு நப்தலீன் போட்டிருக்கிறா. வந்தால் மணக்கும், திட்டாதீர்கள்.

அன்புடன்,
ஷஹ்மா


தோஹா,
4 மே 2025

அன்பு ஷஹ்மாவுக்கு,

ஸலாம். நலம். வெயில் கடுமைதான்.

சர்மிளா சொன்னதை நாலு தடவை வாசித்தேன். அவளுடைய அப்பாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லச் சொல்.

ஹட்டன் நன்றாக நிற்கிறது. மின்சாரம் போய் வந்தால் எழுதிக்கொண்டிருந்த கடிதம் காணாமல் போகிறது. இது பெரிய குறை, சின்னதாக நினைக்காதே. ஒருவர் தன் மகனின் மரணத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் போய்விட்டது. அவரை மறுபடியும் முதலிலிருந்து சொல்லவைக்க வேண்டியதாயிற்று. யாரையும் அப்படி இரண்டு தடவை சொல்லவைக்கக்கூடாது. ஒவ்வொரு வரி முடிந்ததும் தானாகச் சேமிக்கும்படி செய்.

(இங்கே இலங்கைக்காரர் சிலருக்கு ஓய்வு நேரத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். அதைத்தான் சொன்னேன்.)

சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல். இப்போது எனக்கு அவை பெரிதாக இருக்கும்.

நஸீப்

சோதனைச் சீட்டு. பதிப்பு: ஹட்டன். இயந்திரம்: 11. பிழைகள்: 1.


திகன,
22 ஜூன் 2025

அன்பு நானாவுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் எங்களுக்கு அமைதியாகக் கழிந்தது. உங்களுக்கு யாரோடு கழிந்தது? நல்ல சாப்பாடு கிடைத்ததா?

ஏழு வாரமாக எழுதாததற்கு வேலையைச் சாட்டலாம். உண்மையில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மின்சாரம் போனாலும் இனி ஓர் எழுத்தும் தொலையாது. உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். ஸாகி எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து அன்றைக்கே வேலையைத் தொடங்கினான்.

நாவலப்பிட்டி ஒரு வாரம் கூட நிற்கவில்லை. இப்போது வந்திருப்பது கம்பளை. ஆனால் கம்பளையிலேயே நின்றுவிட்டோம். அந்தக் கொம்பு! திரையில் ஒழுங்காக இருக்கிறது, அச்சில் உடைகிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த ஸ்டேசனுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கம்பளை வரைக்கும் வந்துவிட்டுக் கண்டிக்கு வராமல் நிற்பது எனக்குத் தாங்க முடியவில்லை, நானா. எத்தனை தூரம் கடந்து வந்தாயிற்று. மிச்சம் கொஞ்ச தூரம்தானே?

வெளியீட்டுக்கு நாள் குறித்தாயிற்று. ஓகஸ்ட் பதினைந்து, வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கண்டி அலுவலகத்தில். உம்மாவும் வருகிறா. தன் முடிவில் அப்படியே நிற்கிறா: பெயரை நஸீப்தான் காதில் சொல்ல வேண்டும். ஸாகி பகிடியாகக் கேட்டான், “மாமி, கம்பியூட்டருக்குக் காது எங்க ஈக்கி?” உம்மா சொன்னா: “அத ஏன்ட மகன் வந்து தேடிக்கொள்வான்.”

நீங்கள் வராவிட்டால் ‘ஸ்மார்ட் ஐலண்ட் பிளஸ்’தான். மிரட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
ஷஹ்மா


தோஹா,
6 ஜூலை 2025

ஷஹ்மாவுக்கு,

ஸலாம்.

கொம்பைப் பிடித்துவிட்டேன். திரைக்கும் அச்சுக்கும் நீங்கள் இரண்டு வேறு எழுத்துக் கோப்புகளைக் காட்டுகிறீர்கள். அச்சுக்குப் போவது சாமான் அறையில் நான் வைத்த பழைய கோப்பு. என் பிழை. அப்போது அவசரத்தில் ஓர் அளவைத் தவறாகக் கொடுத்துவிட்டுப் பிறகு திருத்தலாம் என்று விட்டது, ஆறு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். நாற்பது விண்ணப்பம் அச்சடித்துப் பார்த்தேன், ஒன்றிலும் உடையவில்லை.

ஓகஸ்டில் விடுமுறை கிடைக்காது. உம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

நஸீப்

சோதனைச் சீட்டு. பதிப்பு: கம்பளை. இயந்திரம்: 11. பிழைகள்: 0.


திகன,
20 ஜூலை 2025

அன்பு நானாவுக்கு,

ஸலாம். உம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்து இப்போது இறங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. கஞ்சி குடித்துவிட்டு என்னோடு சண்டை பிடிக்கிறா, அதனால் சுகம் என்று தெரிகிறது.

கொம்பு ஒட்டிக்கொண்டது. சர்மிளா அச்சடித்த தாளை முத்தமிட்டாள். பதிப்பு கெலிஓயாவுக்கு நகர்ந்தாயிற்று.

கெலிஓயாவில் ஒரு மாற்றம். ஜனவரியில் நீங்கள் கேட்டதை இப்போதுதான் செய்தேன். சீட்டில் இனி இயந்திர இலக்கம் வராது. முதலில் மறந்தேன். அது உண்மை. பிறகு மறக்கவில்லை. வேண்டுமென்றே எடுக்காமல் வைத்திருந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி, ஒருவர் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வரியை அழிக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

உம்மாவிடம் விடுமுறை இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் பதினைந்து, ஜும்ஆவுக்குப் பிறகு. ஒரு கதிரை கூடப் போட்டு வைக்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
ஷஹ்மா


கம்பளை,
10 ஓகஸ்ட் 2025

என் அன்புத் தங்கச்சி ஷஹ்மாவுக்கு,

ஸலாம். நான் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகமா என்று கேட்டால், இதை எழுதி முடித்த பிறகு சொல்கிறேன். உம்மாவின் காய்ச்சல் முழுக்க விட்டதா? உனக்கும் தொற்றவில்லையே?

தோஹாவில் எனக்கு ஜன்னலோர மேசை இருக்கவில்லை. மேசையே இருக்கவில்லை. கிடங்கில் பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். உம்மா திகன முழுக்கக் கம்பியூட்டர் இன்ஜினியர் என்று சொல்லிவைத்திருந்தா, அதை உடைக்க வாய் வரவில்லை. பெப்ரவரி கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது, ஒரு பையோடு வந்து இறங்கினேன். கண்டிக்கு வந்து திகன பஸ்ஸை நோக்கி நடந்தேன். ஜன்னலில் பவாஸ் மச்சான், மடியில் ஆஸிகா. ஏறியிருந்தால் மச்சான் என் கையிலிருந்த ஒற்றைப் பையைப் பார்த்திருப்பார், பிறகு என்னைப் பார்த்திருப்பார். இரண்டு நாள் கழித்துப் போகலாம் என்று நினைத்து அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அது கம்பளை பஸ். இரண்டு நாள் ஆறு மாதமாகிவிட்டது.

ஸ்டேசனுக்குப் பக்கத்துக் கடையில் வேலை கேட்டேன், சுந்தரலிங்கம் அண்ணன் என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “தமிழ், சிங்களம் ரெண்டும் அடிப்பீங்களா?” என்றார். அடிப்பேன் என்றேன். “அப்ப உக்காருங்க” என்றார். உட்கார்ந்த கம்பியூட்டரைப் போட்டதும் சாமான் அறை வசனம் தமிழில் வரவேற்றது.

இப்போது நான் சொல்ல வேண்டிய விஷயம். ஏப்ரலில் உனக்குக் கடிதம் அனுப்பிய பிறகு, நீ வாக்குக் காப்பாற்றினாயா என்று பார்க்கச் சீட்டுக் கோப்பைத் திறந்தேன். பதினொன்று என்று இருந்தது. கடிதம் போய்விட்டதே, இனித் திருப்ப முடியாதே! நீ வந்து நிற்பாய் என்று நாலு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. தோஹாவில் வெயிலா என்று கேட்டு, கூடவே நான் டீயை ஆறவிடுவது பற்றியும் எழுதியிருந்தாய். உனக்குத் தெரியும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

இந்தக் கடையில் மூன்று கம்பியூட்டர் இருக்கின்றன. மற்ற இரண்டும் சோதனைக்கு வந்தவை இல்லை, அவற்றிலிருந்தும் எழுதியிருக்கலாம், எந்த இலக்கமும் வராது. நான் மாறி உட்காரவில்லை. மே மாதமும் பதினொன்று, ஜூலையும் பதினொன்று. வேறு யாரும் அதில் உட்கார்ந்தால்கூட எழுந்துபோகும் வரை காத்திருந்துதான் உனக்கு எழுதினேன். இலக்கத்தை எடு என்று சொன்னவன் நான். அது உன்னிடம் போய்ச் சேர்கிறது என்ற ஒன்றுதான் எனக்கு இரவில் தூக்கம் தந்தது.

கெலிஓயா வந்ததும் சீட்டைத் திறந்தேன். இலக்கம் இல்லை. நீ செய்தது முழுக்கச் சரி. ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன். இனி நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது, நானே சொன்னால்தான் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். முதலில் திகனவுக்கு, உம்மாவிடம். பிறகு உம்மாவும் நானுமாக உன் அலுவலகத்துக்கு வருவோம். பவாஸ் மச்சானிடம் நானே சொல்கிறேன். பெயர் ஒன்று வைத்திருக்கிறேன். கடிதத்தில் எழுதமாட்டேன், காதில் சொல்வதுதான் நம் வழக்கம். காது எங்கே என்று ஸாகியைத் தேடிவைக்கச் சொல். சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடவில்லையே?

கடைசியாக ஒரு பிழை. வெளியீட்டுக்கு முதல் திருத்திவிடு. உன் செயலி ஊர்ப் பெயரைத் தானே நிரப்புகிறது. ஜனவரியில் ஒரு தடவைதான் தோஹா என்று அடித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அதுவே எழுதிக்கொண்டது, நான் பேசாமல் விட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் வந்தது. அழித்துவிட்டுக் கம்பளை என்று அடிக்க ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எழுதுபவரைக் கேட்டுவிட்டு நிரப்பும்படி செய்.

உன் நானா,
நஸீப்

சோதனைச் சீட்டு. பதிப்பு: கெலிஓயா. பிழைகள்: 1.